முகம் தெரியாத படத்துக்கு விலை உண்டு

மாலை ஐந்து மணிக்கு மேல் பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “முகம் தெரியக் கூடாது. ஆனா படம் பேசணும். காலையில வேணும்.” செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பம், போதை மறுவாழ்வு மையத்தில் இருக்கும் இளைஞர், மேலதிகாரி மீது புகார் கொடுத்த பெண் என்று ஆள்தான் மாறும், கேட்பது மாறாது. தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைக்கும் இதேதான் வேண்டும். நாவல் போடும் பதிப்பாளருக்கும் இதேதான் வேண்டும், காரணம் மட்டும் வேறு. அட்டையில் ஒரு முகத்தைப் போட்டுவிட்டால், வாசகர் மனத்தில் உருவாகவேண்டிய கதாநாயகியின் இடத்தில் அந்த மாடல் பெண் உட்கார்ந்துகொள்வார். முதுகைப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஆக, பின்னாலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சந்தை இருக்கிறது. ஆனால் அதற்கு வந்து சேரும் சரக்கைப் பாருங்கள். கழுத்துக்கு மேலே வெட்டிய படம், முகத்தில் கட்டம் போட்டு மங்கலாக்கிய படம், ஜன்னலோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்திருக்கும் நிழலுருவம். கடைசியில் சொன்னதை எத்தனை செய்திக்குத்தான் போடுவார்கள்! துயரம் என்றாலே அந்த மூலை, அந்த முழங்கால். முகத்தை மறைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதால் வருகிற கோளாறு இது. உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. முகம் சொல்லவேண்டியதையெல்லாம் முதுகு சொல்லியாகவேண்டும். அதைச் சொல்லவைப்பதற்குத்தான் உங்களுக்குக் கூலி.

இரண்டு படங்களைப் பாடமாகப் படியுங்கள்

1961 பிப்ரவரி. நியூயார்க் டைம்ஸ் படக்காரர் ஜார்ஜ் டேம்ஸ், வெள்ளை மாளிகையில் கென்னடியின் அலுவலக அறையில் இருக்கிறார். ஜன்னலை ஒட்டிய மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, தலை குனிந்து நிற்கும் ஜனாதிபதியைப் பின்னாலிருந்து எடுக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் கறுத்துத் தெரியும் தோள்கள், தொங்கும் தலை. உலகத்தின் பாரமெல்லாம் அந்த முதுகில் ஏறியிருப்பதாகத் தோன்றும். ‘உலகின் மிகத் தனிமையான வேலை’ என்கிற பொருளில் அந்தப் படத்துக்குப் பெயரே நிலைத்துவிட்டது.

நடந்தது என்ன? கென்னடிக்குத் தீராத முதுகுவலி. நீண்ட நேரம் உட்கார முடியாது. அதனால் மேசையில் கையூன்றி நின்றபடியே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். டேம்ஸ் நாடகம் எதுவும் செய்யவில்லை, ஆளை நிறுத்திவைத்து எடுக்கவும் இல்லை. அந்த உடம்பு தன் வலியைச் சமாளிக்க எடுத்துக்கொண்ட நிலை, தானாகவே வேறொரு பொருளைக் கொடுத்துவிட்டது.

தொழிலுக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, முதுகில் உணர்ச்சி வருவது உடம்பின் பளு எங்கே இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஊன்றிய கை, ஒருபக்கம் சாய்ந்த இடுப்பு, ஒரு காலில் நிற்பது எல்லாம் அங்கே பேசும். நிமிர்ந்து சும்மா நிற்கும் முதுகு ஒன்றும் பேசாது. இன்னொன்று கொஞ்சம் ஆபத்தானது. முதுகு என்ன அர்த்தத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். பேப்பர் படிப்பவரை உலகப் போரைப் பற்றி யோசிப்பவராக்கிவிடும். இதனால் படவிளக்கத்தில் நீங்கள் காட்டவேண்டிய நேர்மை இரட்டிப்பாகிறது. இதற்குக் கீழே மறுபடி வருகிறேன்.

அடுத்தது 1954. செலோ மேதை பாப்லோ கசல்ஸ், பிராங்கோவின் ஸ்பெயினுக்குத் திரும்ப மறுத்து, பிரான்சின் பிராட் என்ற சிற்றூரில் இருந்த காலம். உலகத் தலைவர்களின் முகங்களை எடுத்தே பெயர் வாங்கிய யூசுப் கார்ஷ் அவரைப் படம் எடுக்கப் போகிறார். அங்கிருந்த பழைய மடாலயத்தில் கசல்ஸ் வாசிக்கத் தொடங்க, கார்ஷ் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறார். சட்டத்தின் பெரும்பகுதி வெறும் கல்சுவர். மேலே சின்னதாக ஒரு ஜன்னல். கீழே, சுவரைப் பார்த்தபடி வாசிக்கும் வழுக்கைத் தலைக் கிழவர். முகப்படத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர், கேமராவுக்கு முதுகு காட்டி எடுத்தது இவர் ஒருவரைத்தான் என்று பின்னாளில் எழுதினார். இங்கே கவனிக்கவேண்டியது அந்தச் சுவரின் அளவு. ஆளைச் சின்னதாக்கி இடத்தைப் பெரிதாக்கியதால்தான் தனிமையும் நாடு கடந்த வாழ்வும் படத்துக்குள் வந்தன. நம்மவர்களுக்குச் சட்டத்தை ஆளால் நிரப்பும் பழக்கம் அதிகம். முதுகுப் படத்தில் அது பல நேரம் வெறும் துணிக்கடை விளம்பரமாக முடியும்.

இன்னும் தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கார்டியே பிரெஸ்ஸோன் 1948இல் ஸ்ரீநகர் ஹரிபர்பத் குன்றில் எடுத்த பெண்கள், யூஜின் ஸ்மித் 1946இல் எடுத்த, மரநிழலிலிருந்து வெளிச்சத்துக்கு நடக்கும் தன் இரு குழந்தைகள், அதே ஆண்டில் பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் எதுவார் பூபா எடுத்த, காய்ந்த இலைகளை உடுத்திய சிறுமி. பூபாவின் முதுகுப் படங்களுக்கு மிஷேல் தூர்னியே எழுத, 1981இல் ஒரு முழுப் புத்தகமே வந்தது. காஷ்மீர்ப் படத்தை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். அந்தப் பெண்கள் எதைப் பார்க்கிறார்களோ, அந்தப் பள்ளத்தாக்கையும் மேகத்தையும் நாமும் அவர்கள் தோளுக்கு மேலாகப் பார்க்கிறோம். முதுகு காட்டி நிற்பவருக்கு முன்னால் பார்க்க எதுவும் இல்லையென்றால், அவர் ஏன் திரும்பி நிற்கிறார் என்ற கேள்விதான் மிஞ்சும்.

மல்லிகையும் கூந்தலும்

நம் ஊரில் இந்த வேலைக்கு உள்ள பெரிய சவால், தலையில் வைத்த மல்லிகைச் சரம். படத்தின் மிக வெளுத்த புள்ளியும் மிகக் கறுத்த புள்ளியும் ஒட்டிக்கொண்டு நிற்கும். கேமராவின் மீட்டர் கூந்தலின் கறுப்பைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தை ஏற்றிவிடும். பூ வெந்துபோய் வெறும் வெள்ளைத் தீற்றலாகும். ஆகவே, பூவுக்குத்தான் எக்ஸ்போஷர். முக்கால் ஸ்டாப், தேவைப்பட்டால் ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள். ரா ஃபைலில் எடுத்தால் கூந்தலின் இழைகளை நிழலிலிருந்து பின்னால் மீட்டுக்கொள்ளலாம். வெந்த பூவை மீட்க முடியாது. ஆள் வெயிலுக்கு எதிரே நிற்கும்போது கணக்கு தலைகீழ்: வானத்தின் வெளிச்சத்தில் மயங்கி மீட்டர் முதுகை இருட்டாக்கும். நிழலுருவம்தான் வேண்டுமென்றால் விட்டுவிடலாம், இல்லையென்றால் ஏற்றவேண்டும்.

கேமராவை மோனோகுரோமில் வைத்து, ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதியுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், ராவில் நிறம் பத்திரமாக இருக்கும். திடீரென்று கலரில் வேண்டும் என்பார் பதிப்பாளர், அப்போதும் கை விரிக்கவேண்டாம். திரையில் பார்த்துக்கொண்டே எடுத்தால் இன்னொரு பெரிய ஏமாற்றமும் தவிரும். அரக்குச் சேலையும் இலைப்பச்சை ரவிக்கையும் கண்ணுக்கு அடித்துக்கொண்டு நிற்கும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகப் போய்ச் சேரும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் சிவப்பைக் கொஞ்சம் இறக்கி, பச்சையைக் கொஞ்சம் ஏற்றினால் துணி தனித்தனியே பிரியும்.

அதே இடத்தில்தான் நம் ஸ்டுடியோக்காரர்களின் பழைய வியாதியும் இருக்கிறது. ஆரஞ்சு ஸ்லைடரை ஏற்றினால் மாநிறத் தோல் சட்டென்று வெளுக்கும். கல்யாண ஆல்பத்தில் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு என்பது தெரிந்ததுதான். ஆனால் மூட்டை தூக்குகிறவரின் முதுகை வெளுத்துப் பாருங்கள், வியர்வையின் மினுக்கம் போய்விடும், தசையின் மேடு பள்ளம் போய்விடும், உழைப்பே போய்விடும். ஆரஞ்சைச் சற்றே இறக்குங்கள். தோல் ஆழமாகும், அதன்மேல் விழும் வெளிச்சம் எழும்பி நிற்கும். கறுத்த தோல் கறுப்பு வெள்ளைக்கு வரம். அதை வெளுத்துக் கொடுக்கும் படக்காரருக்கு நான் வேலை கொடுக்க மாட்டேன்.

வெளிச்சத்தைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. காலை ஏழு மணியின் பக்கவாட்டு வெயில் போதும். பனியனின் மடிப்பு, முதுகெலும்பின் கோடு, தோள்பட்டை எலும்பு எல்லாம் அதில் தெரியும். உச்சிவெயிலில் தோள் எரிந்து முதுகு இருண்டுவிடும். அப்போது டீ குடிக்கப் போகலாம்.

பிடரி, முழங்கை, குதிகால்

கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் இங்கே உதவாது, பிடிக்கக் கண்ணே இல்லையே. புதிய கேமராக்கள் சில தலையையும் உடம்பையும் அடையாளம் காணும். ஆனால் கூட்டத்தில் எதிரே வரும் வேறு யாராவது ஒருவர் முகத்துக்குத் தாவிவிடும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை எடுத்து, பின்னல் தொடங்கும் இடத்தில் அல்லது சட்டைக் காலரில் வையுங்கள்.

நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் தோளும்தான் வரும். கேமராவை அவருடைய தோள்பட்டை எலும்பின் உயரத்துக்கு இறக்குங்கள். அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்காருங்கள். நடப்பவரை எடுக்கும்போது இரண்டு காலுக்கு நடுவிலும், கைக்கும் விலாவுக்கும் நடுவிலும் வெளிச்சம் தெரியும் நொடியில் அழுத்துங்கள். இல்லாவிட்டால் ஆள் நட்டுவைத்த கம்பம் போலத் தெரிவார். 1/250க்குக் குறையாமல் ஷட்டர் வையுங்கள், 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். நீண்ட லென்ஸில் ஒளிந்து எடுத்த படம், ஒளிந்து எடுத்தது என்பதைத் தானே காட்டிக்கொடுக்கும்.

பின்னாலிருந்து பார்க்கும்போது ஆளின் வயதும் பிழைப்பும் மூன்று இடத்தில் எழுதியிருக்கும்: பிடரி, முழங்கை, குதிகால். சலூனில் புதிதாக மழித்த பிடரிக்கும் வாரக்கணக்கில் வளர்ந்த பிடரிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு வேலை நேர்காணலே அடங்கும். வெடித்த குதிகாலைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு ஒரு விவசாயத் தொழிலாளியை எப்படிக் காட்டப்போகிறீர்கள்?

கேட்டுவிட்டு எடுங்கள்

முகம் தெரியப்போவதில்லை, அதனால் கேட்கவேண்டாம் என்று நினைப்பவர்களே அதிகம். இந்த வகைப் படத்துக்குக் கெட்ட பெயர் வந்ததும் அவர்களால்தான். பெண்களைப் பின்னாலிருந்து கேட்காமல் எடுப்பது தெருவில் அடி வாங்கித் தரும், வாங்கித் தரவும் வேண்டும்.

கேட்பது கஷ்டமில்லை. பூக்கடையில் இப்படித்தான் நடக்கும்.

“அக்கா, நீங்க பூ கட்டுறதைப் பின்னாலேர்ந்து ஒரு படம் எடுத்துக்கட்டுமா? முகம் வராது.”

“முதுகுல என்னப்பா இருக்கு?”

“எடுத்துக் காட்டறேன், பாருங்க. வேணாம்னா அழிச்சிடறேன்.”

திரையைக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் முதுகைப் பார்த்ததே இருக்காது. ஆச்சரியத்தோடு பார்ப்பார்கள், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள், ரவிக்கை ஊக்கைச் சரிசெய்துகொண்டு “இப்ப எடு” என்பார்கள். அந்த இரண்டாவது படம் முதல் படத்தைவிட இறுக்கமாக வரும் என்பதும் உண்மை. கொஞ்ச நேரம் பேசாமல் அங்கேயே இருங்கள். நாலு முழம் கட்டியதும் உங்களை மறந்துவிடுவார்கள்.

விற்கும் எண்ணம் இருந்தால் ஒப்புதல் படிவம் வேண்டும். முகம் இல்லாவிட்டாலும், அந்த ஆள் தன்னைத்தானே அடையாளம் கண்டுகொள்ள முடியுமென்றால் படத்தை விற்கும் ஸ்டாக் நிறுவனங்கள் படிவம் கேட்கும். கையில் பச்சை குத்தியிருந்தாலே போதும். படிவம் தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மறைப்பது என்றால் முழுதாக மறைப்பது

பாலியல் வன்முறைக்கு ஆளானவர், வழக்கில் சிக்கிய சிறுவர், காப்பகத்தில் உள்ள குழந்தை என்றால் இது ரசனைப் பிரச்சினை இல்லை, சட்டப் பிரச்சினை. போக்சோ சட்டம் 2012இன் 23ஆம் பிரிவு, குழந்தையின் பெயரையும் படத்தையும் மட்டும் தடுக்கவில்லை. முகவரி, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளத்துக்கு வழிகாட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை. ஊழியர் செய்த தவறுக்கு ஊடக உரிமையாளரும் ஸ்டுடியோ உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு என்றும் அதே பிரிவு சொல்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதற்கு, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு.

முதுகுதானே என்று சொல்லித் தப்ப முடியாது. ஊர்க்காரர்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்க முதுகும் நடையும் போதும். காது தெரிந்தால் ஆள் தெரியும். தாடைக் கோடும் அப்படித்தான். கறுப்பு வெள்ளை சீருடையின் நிறத்தை எடுத்துவிடும், இது நமக்கு ஒரு வசதி. கட்டத்தையும் கோட்டையும் அது எடுக்காது. இரட்டைப் பின்னல் ரிப்பன், புத்தகப்பையில் எழுதிய பெயர், பின்னணியில் பேருந்தின் தடம் எண், கோபுரத்தின் நுனி, மளிகைக் கடைப் பலகை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து நீக்கவேண்டும். நீக்குவது என்றால் படம் எடுக்கும்போதே இடத்தை மாற்றுவது. செய்திப் படத்தில் போட்டோஷாப்பில் பொருளை அழிப்பது வேலைக்கே உலைவைக்கும்.

கோப்பையும் கழுவவேண்டும். போனில் எடுத்த படத்தில் இடத்தின் ஆயத்தொலைவு ஒட்டிக்கொண்டே போகும். அனுப்புவதற்கு முன்னால் அந்த மெட்டாடேட்டாவை நீக்குங்கள். ஃபைல் பெயரில் ஆள் பெயரோ ஊர்ப் பெயரோ வேண்டாம். ஒப்புதல் படிவங்களைப் படங்களோடு ஒரே ஃபோல்டரில் வைக்கவேண்டாம்.

போக்சோ வழக்குக் குழந்தை என்றால் என் யோசனை ஒன்றுதான்: அந்தக் குழந்தையையே எடுக்காதீர்கள், எந்தப் பக்கத்திலிருந்தும். வழக்கறிஞரின் முதுகை எடுங்கள், கோப்புகளைச் சுமந்து நீதிமன்றப் படியேறும் பெண் காவலரின் முதுகை எடுங்கள். கேட்டவர் மறுத்தால் வேறு படக்காரரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கே விற்பது, என்ன எழுதி வாங்குவது

பன்னிரண்டு படம் போதும் தொகுப்புக்கு. அவற்றில் நாலு படமாவது ஒரே தொழிலை, ஒரே இடத்தைப் பற்றியதாக இருக்கட்டும். அட்டை வடிவமைப்பாளரிடம் காட்டும்போது, தலைப்பு வைக்க மேலே வெற்றிடம் விட்ட படங்களை முன்னால் வையுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி நடப்பதால், அட்டை வேலை அதற்கு முந்தைய சில மாதங்களில் குவியும். கதவைத் தட்டவேண்டியது அப்போதுதான். செய்தித்தாளுக்கு என்றால் ஒன்று: நியூஸ்பிரின்ட் தாளில் மை பரவும். கணினித் திரையில் அழகாக இருந்த ஆழ்ந்த நிழல், அச்சில் தார் பூசியதாகும். கூந்தல், நிழல் பகுதிகளைச் சற்றுத் தூக்கிக் கொடுங்கள்.

கல்யாண வேலை செய்பவர்களுக்கு ஒரு பழைய சரக்கை நினைவூட்டுகிறேன். பூ ஜடை தைத்த பெண்ணைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, முகமும் பின்னலும் ஒரே படத்தில் வரும்படி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் நம் பாட்டிமார் வீடுகளில் இருக்கும். மணிக்கணக்கில் தைத்த ஜடையை முன்னாலிருந்து எடுத்து என்ன பயன் என்று அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடித் திரட்டியிருக்கிறது. மாதிரிக்கு அங்கே பார்க்கலாம். வளைகாப்புக்கு இதைத் தனி பேக்கேஜாகச் சொல்லிப் பாருங்கள், பாட்டி முதலில் ஒத்துக்கொள்வார், பேத்தி பின்னால் வருவார்.

உரிமை விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். நீங்கள் எடுத்த வளைகாப்புப் படத்தை நாளை நாவல் அட்டைக்கு விற்க நினைத்தால், வேலை ஒத்துக்கொள்ளும்போதே எழுத்தில் வாங்கியிருக்கவேண்டும். நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுடையது. அதை விற்கும்போது படத்தை விற்காதீர்கள், பயன்பாட்டை விற்பனை செய்யுங்கள்: எந்தப் புத்தகம், எத்தனை பிரதி, அச்சு மட்டுமா மின்னூலுக்கும் சேர்த்தா, எத்தனை ஆண்டு.

கென்னடி படத்தில் விட்ட விஷயம் இப்போது. பேருந்துக்குக் காத்திருந்த பெண்ணின் முதுகை நீங்கள் ஒரு பயணக் கட்டுரைக்குக் கொடுத்திருப்பீர்கள். ஆறு மாதம் கழித்து அது ‘கோப்புப் படம்’ என்ற பெயரில் தற்கொலைச் செய்திக்கு மேலே வந்து நிற்கும். யாரும் பொய் சொல்லவில்லை, முதுகு அர்த்தத்தை வாங்கிக்கொண்டது. அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் செய்தி ஆசிரியர் யோசிக்கப்போவதில்லை. எனவே பில்லிலேயே ஒரு வரி சேருங்கள்: “குற்றம், நோய், தற்கொலை, பாலியல் வன்முறை தொடர்பான செய்திகளுக்கு எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது.” படவிளக்கத்தில் எடுத்த மாதத்தையும் அவர் செய்துகொண்டிருந்த வேலையையும் எழுதுங்கள். இவ்வளவுக்கும் மின்னஞ்சலில் சரி என்று பதில் வந்த பிறகு பெரிய ஃபைலை அனுப்பினால் போதும். அதுவரை 800 பிக்சல் பிரதி அவர்கள் பார்ப்பதற்குப் போதும்.